பட்டை மூட்டைமேல் வந்த கனவு

லிந்தாவ்
8 மார்ச் 1974

குரு யுஸ்னிதார் அவர்களுக்கு,

கனவில் கண்ட ஓர் அடவை நேற்று லிந்தாவ் குரு ஸம்சீரிடம் கொடுத்துவிட்டு, அதற்கு மாற்றாக அவருடைய பிடி ஒன்றை வாங்கிக்கொண்டேன். இதை வேறு யார் வாயாலோ நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே எழுதிவிடுவது நல்லது என்று எழுதுகிறேன்.

என் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். திங்கள்கிழமை உங்கள் ஏரிக்கரைச் சந்தை, வியாழன் லிந்தாவ், சனி பரியாமான் கடற்கரை. லவங்கப்பட்டை வாங்கவும் விற்கவும் போகிற மூன்று ஊரிலும் சண்டைக்கலை கற்க ஊருக்கு ஒரு குரு வைத்திருக்கிறேன். உங்கள் அனுமதியோடு வைத்துக்கொண்டதுதான். உங்கள் களம் வழுக்கும் களிமண். அங்கே கால் முதலில் தரையை விசாரிக்கிறது. ஸம்சீருடையது சரளைக்கல், அங்கே கால் பேசாமல் இறங்கிவிட வேண்டும். கடற்கரையில் புயுங் என்னை மணலில் உட்காரவைத்தே மூன்று மாதம் ஓட்டிவிட்டார். நாற்பத்தெட்டு வயதில் இதெல்லாம் எதற்கு என்று கிடங்கில் கேட்காத ஆள் இல்லை. பதினாறு வயதில் மூட்டை தூக்க வந்தவன் நான். நல்ல சரக்கு எங்கே கிடைத்தாலும் விடாமல் வாங்கிப்போடுகிற புத்தி எனக்கு.

கனவு இப்படி. புதன்கிழமை மத்தியானம், லாரியில் பட்டை மூட்டைமேல் படுத்துத் தூங்கிவிட்டேன். வெயிலில் பட்டை வாசனை ஏறி ஏறித் தலை மிதப்பதுபோல் இருந்தது. வயல் வரப்பில் நிற்கிறேன். வயலில் தண்ணீர் மட்டும் இருக்கிறது, நாற்று இல்லை. தண்ணீரில் வானம் கிடக்கிறது. எதிரே ஒருவர் வருகிறார். இடுப்பில் கட்டம் போட்ட சாரம், தோளில் மூங்கில் மீன்கூடு, வலது புருவத்தில் பாதியைக் காணோம். வரப்போ ஒரு சாண் அகலம். நான் வழிவிடாமல் அவர் கையைப் பிடிக்கிறேன். அடுத்த நொடி நான் வயலுக்குள் இருக்கிறேன், அவர் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார். தண்ணீர் கலங்கவே இல்லை.

மறுநாள் ஸம்சீரின் பஞ்சர் கடைக்குப் பின்னால் பயிற்சிக்கு நின்றபோது அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"என்ன அண்ணே, உங்க காலு இன்னிக்கு உங்களோடதா இல்லையே. யார்கிட்ட வாடகைக்கு எடுத்தீங்க?"

"கனவுல ஒருத்தர் நடந்தாரு. அது ஒட்டிக்கிச்சு."

"காட்டுங்க பாப்போம். ரெண்டு மாசமா கேக்குறீங்களே அந்த உக்காந்த பிடி, அதை இன்னிக்கே தர்றேன்."

உங்கள் களத்து விதி எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. கனவில் அடவு வந்தால் களத்துக் குருவிடம்தான் முதலில் காட்ட வேண்டும். வாயால் சொன்னால் வெறும் செய்தி, காலால் காட்டினால் கைமாறிவிடும். கண்டவனால் இரண்டாவது முறை காட்ட முடியாது. ஆனால் திங்கட்கிழமைக்கு நாலு நாள் இருந்தது, பிடியோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. விதி என்பது பழைய பேச்சு என்று நினைத்துக் காட்டிவிட்டேன்.

இன்று காலை கிடங்குக்குப் பின்னால் தனியாக நின்று செய்து பார்த்தேன். கால் வரவில்லை. எவ்வளவு யோசித்தாலும் அந்தத் தண்ணீர்தான் ஞாபகம் வருகிறது.

திங்களன்று வரலாமா?

பஹ்ரும்


மணிஞ்சாவ் ஏரிக்கரை
12 மார்ச் 1974

பஹ்ரும் அண்ணனுக்கு,

திங்களன்று வர வேண்டாம். அடுத்த திங்களும் வேண்டாம். நேற்று சந்தையில் உங்கள் லாரியைப் பார்த்தேன். களத்துப் பக்கம் திரும்பாமல் போனீர்கள். அந்த மரியாதை போதும்.

வலது புருவத்தில் பாதி இல்லாதவர் என் அப்பா. நான் பிறப்பதற்கு முன்னால் அடுப்புத் தீயில் பொசுங்கியது, பிறகு முளைக்கவில்லை. நீங்கள் இந்தக் களத்துக்கு வந்தது அவர் இறந்த மறு வருஷம். நீங்கள் அவரைப் பார்த்ததில்லை. இந்த வீட்டில் அவர் படமும் இல்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். களத்தில் யாருக்குமே தெரியாது. அப்பா எனக்கு எல்லா அடவும் கொடுத்தார், கடைசி ஒன்றைத் தவிர. "அது தானா வரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், ஒரு நாள் மீன்கூடு எடுக்கப் போய் ஏரிக்கரையிலேயே படுத்துவிட்டார். அந்த அடவு இல்லாமல் என்னால் யாருக்கும் பாடம் முடித்துவைக்க முடியாது. இரண்டு வருஷமாக நீங்கள் எட்டுப் பேரும் "எப்போ குரு, எப்போ குரு" என்று கேட்கிறீர்கள். நானும் நாள் சரியில்லை, நிலவு சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

குலத்தலைவர்கள் போன வாரம் வந்தார்கள். அறுவடை வெள்ளிக்கிழமை, ஏப்ரல் இருபத்தாறு, அவர்கள் கண்ணெதிரே ஒருவருக்காவது பாடம் முடித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் சீடர்களை மேலூர்க் களத்துக்கு மாற்றிவிடுவார்கள். நிலம் என் அம்மா வழி நிலம், அதை யாரும் எடுக்க முடியாது. ஆனால் சீடர் இல்லாத களத்தில் நெல்தான் காயப்போட வேண்டும்.

மூன்று வருஷம் அவர் வருவார் என்று காத்திருந்தேன். அவர் பாயில் படுத்தேன். அவர் மீன்கூட்டைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன். ஏரி வந்தது, மழை வந்தது, செத்துப்போன பூனைகூட வந்தது. அவர் உங்களிடம் வந்திருக்கிறார், ஒரு லாரியில், மூட்டைமேல். நீங்கள் அவரைக் கொண்டுபோய் ஒரு பிடிக்கு மாற்றிவிட்டீர்கள்.

யுஸ்னிதார்


பரியாமான்
17 மார்ச் 1974

குருவுக்கு,

உங்கள் கடிதத்தை பஸ் டிரைவர் கொடுத்த இடத்திலேயே நின்று படித்தேன். வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று அவர் கேட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் என்று சொன்னேன்.

வியாழனன்று ஸம்சீரிடம் போய், பிடியைத் திருப்பித் தருகிறேன், அடவைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அவர் ஒரு லாரி டயருக்குள் பாதி உடம்பை விட்டுக்கொண்டு பதில் சொன்னார்.

"அண்ணே, ஓட்டிப் பாத்த டயரைத் திருப்பி வாங்குற கடை எங்கயாவது இருக்கா?"

"அது அந்தக் களத்துச் சொத்து குருவே. எனக்குத் தெரியாமப் போச்சு."

"எனக்கும் தெரியாது. நான் என்ன திருடினேனா? நீங்க காட்டினீங்க, நான் பாத்தேன். வேணும்னா அந்தக் குருவம்மா வரட்டும். எலுமிச்சம்பழமும் வெள்ளைத் துணியும் கொண்டுவந்து, சீடரா என் சரளையில நிக்கட்டும். முறையாக் குடுக்கறேன்."

"அவங்க ஒரு களத்துக்குக் குரு."

"அப்போ குருவாவே வீட்ல இருக்கட்டும்."

அடவின் மதிப்பு ஸம்சீருக்குத் தெரிந்துவிட்டது. நான் சரக்கு தேடி வந்த முகத்தோடு போயிருக்கக் கூடாது. அது என் முட்டாள்தனம்.

சனிக்கிழமை கடற்கரையில் புயுங்கிடம் சொன்னேன். வலை பின்னிக்கொண்டே கேட்டார். "நீ மூணு குரு வச்சிருக்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் மத்த ரெண்டு பேர் சரக்கை விலை விசாரிக்கிற. என்கிட்ட எதைக் கொண்டுவந்தாலும் காட்டாத. எனக்குப் பயமா இருக்கு." அப்புறம் வலையைத் தூக்கிக்கொண்டு அலைப் பக்கம் போனார். நானும் பின்னால் போனேன். மணலில் கால் புதைந்துகொண்டே போயிற்று.

ஸம்சீர் கேட்டதை அப்படியே எழுதிவிட்டேன். போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

பஹ்ரும்


மணிஞ்சாவ் ஏரிக்கரை
22 மார்ச் 1974

அண்ணனுக்கு,

போகமாட்டேன். அப்பாவின் அடவை வாங்க, பஞ்சர் கடைக்குப் பின்னால் சீடராக நின்றேன் என்று மேலூருக்குத் தெரிந்தால் அறுவடை வரை காத்திருக்கவே தேவையில்லை. ஏற்கெனவே எட்டுப் பேர் ஐந்து பேராகிவிட்டார்கள். அஸ்வீர் மட்டும் தினமும் விடிந்ததும் வந்து நிற்கிறான். அவனுக்கு முடித்துவைக்கலாம் என்று இருந்தேன்.

இந்த வாரம் முழுவதும் பனி. ஏரி எங்கே முடிகிறது, கரை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. களத்தில் நிற்கும்போது எதிரில் நிற்பவரின் முகம் தெரிவதில்லை, முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரிகிறது. ஐந்து ஜோடிக் கால்கள். சில சமயம் ஆறு என்று எண்ணிவிடுகிறேன்.

நான் பெண் என்பதால்தான் கொடுக்காமல் போனாரா என்று இத்தனை நாள் ஒரு நினைப்பு. இப்போது அதுவும் உதவாது. உங்களுக்கே கொடுத்திருக்கிறாரே, வாரத்துக்கு ஒரு நாள் வருகிற ஆளுக்கு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அதற்கு வாயால் பதில் சொன்னால் போதும். உங்களை அவர் பார்த்தாரா? ஏதாவது சொன்னாரா?

யுஸ்னிதார்


புக்கித்திங்கி, பட்டைக் கிடங்கு
27 மார்ச் 1974

குருவுக்கு,

ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைப் பார்க்கவும் இல்லை. என் காலைத்தான் பார்த்தார், வாங்குவதற்கு முன் நான் பட்டையை ஒடித்துப் பார்ப்பேனே, அந்தப் பார்வை. பிடிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். உங்களை விசாரித்தார் என்று எழுத ஆசையாக இருந்தது. எழுதினால் நீங்கள் நம்பவும் செய்வீர்கள். அதனால்தான் எழுதவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டு வாரமாக எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன்.

ஸம்சீரிடம் காட்டியபோது, அந்த அடவு ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. இடது கால் பின்னால் போகிறது, உடம்பு திரும்புகிறது, அவ்வளவுதான். இதற்கு அந்தப் பிடியைத் தருவாரா என்று சந்தேகம் வந்துவிட்டது. பட்டை எடை குறைந்தால் சில பேர் மூட்டையில் தண்ணீர் தெளிப்பார்கள். இளவயதில் நானும் தெளித்திருக்கிறேன். அதே வேலையைத்தான் அன்றைக்கும் செய்தேன். திரும்புவதற்கு முன்னால் வலது கையை இடுப்புச் சாரத்தில் துடைப்பதுபோல் ஓர் அசைவைச் சேர்த்துவிட்டேன். பார்ப்பதற்குக் கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று.

கனவில் அவர் துடைக்கவில்லை. அது நான் தெளித்த தண்ணீர். ஸம்சீருக்குத் தெரியாது. என்றைக்காவது அந்த அடவு உங்கள் கைக்கு வந்தால், துடைப்பதை மட்டும் எடுத்து எறிந்துவிடுங்கள். உங்கள் அப்பாவின் அடவில் என் கலப்படம் இருக்க வேண்டாம்.

பஹ்ரும்


லிந்தாவ்
5 ஏப்ரல் 1974

அண்ணனுக்கு,

லிந்தாவில் ஸம்சீரின் கடைக்கு எதிரே இருக்கிற காப்பிக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதம் கடைக்காரம்மா கொடுத்தது. வரமாட்டேன் என்றுதான் இருந்தேன். நேற்று உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நாலாவது முறை படிப்பதற்குப் பதில் பஸ் ஏறிவிட்டேன்.

நீங்கள் வியாழனில் வருகிற ஊர் என்பதால் வெள்ளிக்கிழமை பார்த்து வந்தேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு காலையிலிருந்து இங்கேயே இருக்கிறேன். தேங்காய்ச் சிரட்டையில் காப்பி இலைக் கஷாயம் மூன்றாவது தடவை. கடைக்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"எதிர்க்கடையையே பாத்துட்டு இருக்கியேம்மா, பஞ்சரா?"

"எனக்கு டயரே இல்லை."

"அப்போ மாப்பிள்ளை பாக்க வந்தியா? அவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. நல்ல பொண்டாட்டி."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அப்படிச் சிரித்து எத்தனையோ மாதம் ஆயிற்று.

அப்போதுதான் நடந்தது. ஒரு லாரி டிரைவர், அவசரம்போல, "என் வண்டியை முதல்ல பாரு" என்று ஸம்சீரின் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். ஸம்சீர் கையை இழுக்கவில்லை. சும்மா கீழே இறக்கி இடுப்பில் துடைத்தார். டிரைவர் கை அதோடு கூடவே போயிற்று. இடுப்பெலும்பில் தட்டி அவன் கட்டைவிரல் கழன்றது. ஸம்சீரின் இடது கால் பின்னால் போனபோது டிரைவர் டயர் குவியலில் உட்கார்ந்திருந்தான், எப்படி வந்தோம் என்று தெரியாதவன்போல. கோபப்படக்கூட மறந்துவிட்டான். ஸம்சீர் அவனைத் தூக்கிவிட்டுச் சொன்னது இங்கே வரை கேட்டது: "ஒரு மாசமா செஞ்சு பாக்கறேன்யா. திரும்பறது யாருக்கு வேணும்? அந்தத் துடைப்புதான் அடவு."

அண்ணே, என் அப்பா அப்படித்தான் துடைப்பார்.

சாப்பிட எழுந்தால் துடைப்பார், வாசலில் யாரையாவது கண்டால் துடைப்பார், என்னோடு களத்தில் நிற்கும்போது ஒவ்வொரு அடவுக்கும் முன்னால் துடைப்பார். மீன்பிடிக்கிறவர், கை ஈரமாக இருக்கும் என்று எல்லோரும் விட்டுவிட்டோம். அம்மா மட்டும் திட்டுவாள். "இந்த மனுஷன் எதுக்குக் காய்ஞ்ச கையைத் துடைச்சுத் துடைச்சு சாரத்தைக் கிழிக்கிறாரு?" அதே இடத்தில் எத்தனை ஒட்டுப் போட்டிருக்கிறேன். அந்தச் சாரத்தின் வலது இடுப்பு என் கைத்தையல்தான்.

தானா வரும் என்றாரே. நாளுக்கு நாற்பது தடவை என் கண்முன்னால் வந்துகொண்டிருந்தது.

அவரைப் பார்த்தறியாத நீங்கள் அதை எங்கே எடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. தெளித்த தண்ணீர் என்கிறீர்கள். இருக்கட்டும்.

இப்போதைய நிலை இதுதான். நான் ஒளிந்து பார்த்தேன். அவர் எனக்குக் காட்டவில்லை. அவருக்குத் தெரியாமல் கண்டதை என் களத்தில் செய்தால் அது திருட்டு. மனசறிந்து அவர் காலால் காட்ட வேண்டும். கடைக்கு எதிரே வந்தும் உள்ளே போய்க் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. பேரம் பேசத் தெரிந்தவர் நீங்கள். போய்ப் பேசுங்கள். சீடராகச் சரளையில் நிற்க வேண்டும் என்றால் அதற்கும் சரி என்று சொல்லுங்கள்.

பஸ் ஹாரன் அடிக்கிறது. மலைமேல் மழை இறங்குகிறது, இங்கே இன்னும் வெயில்.

யுஸ்னிதார்


லிந்தாவ்
12 ஏப்ரல் 1974

குருவுக்கு,

நேற்று பேசி முடித்தேன்.

முதலில், தண்ணீர் தெளித்ததை ஸம்சீரிடம் ஒப்புக்கொண்டேன். கையிலிருந்த டயர் நெம்புகோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். அப்புறம் வியாபாரிக்குத் தெரிந்த ஒரே நியாயத்தைச் சொன்னேன்.

"குருவே, நம்ம பேரம் கனவுல கண்ட அடவுக்கு. துடைப்பு கனவுல இல்ல. அது பேரத்துல சேராது. அதைத் திருப்பிக் குடுத்துடுங்க, மத்ததை நீங்களே வச்சுக்குங்க."

"அட, கெட்டிக்காரரே. நீங்க தெளிச்ச தண்ணி மூட்டைக்குள்ள இறங்கிடுச்சு. இப்போ பிழிஞ்சா எடுப்பீங்க?"

"பிழிஞ்சாவது எடுக்கணும். அங்க ஒரு களம் நிக்குது."

அவர் உட்கார்ந்து, கிரீஸ் கையை இடுப்பில் துடைத்தார். துடைத்ததை அவரே கவனித்து நிறுத்திக்கொண்டார். சாலையில் ஒரு எருமை வண்டி வந்தது, போயிற்று. எனக்கு அந்த வயலும் தண்ணீரில் கிடந்த வானமும் கண்ணுக்குள் வந்தன. இந்தத் தடவை வரப்பில் வந்தவர் துடைத்தாரா என்று உற்றுப் பார்த்தேன். வெயில் கூசிற்று.

"போன வெள்ளிக்கிழமை எதிர்க்கடையில ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க," என்றார் ஸம்சீர். "மூணு சிரட்டை குடிச்சாங்க. என் காலையே பாத்தாங்க. என் கடைக்கு எதிர்ல உக்காந்து சும்மா கால் பாக்குற அம்மா வேற யாரா இருக்கும்? டிரைவர் கையைப் பிடிச்சப்போ அவங்க பாக்குறாங்கன்னு தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சேன். உள்ள வந்து கேப்பாங்கன்னு இருந்தேன். இல்ல, பாத்ததை எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு இருந்தேன். ரெண்டும் செய்யல. பஸ் ஏறிட்டாங்க. எடுத்துட்டுப் போயிருந்தா நான் மேலூர் வரைக்கும் வந்து கத்தியிருப்பேன்."

"எடுக்க மாட்டாங்க."

"அதான் குடுக்கறேன். அவங்க என் சரளையில நிக்க வேணாம். நான் அங்க வர்றேன்."

புயுங்கிடமும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். சாட்சியாக அவரும் வருவார். முடிவானதைக் கீழே எழுதுகிறேன். மாற்றம் இருந்தால் திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள்.

ஏப்ரல் இருபத்தாறு, தொழுகை முடிந்ததும், குலத்தலைவர்கள் முன்னால் ஸம்சீர் உங்கள் களத்தில் விருந்தாளியாக நின்று, அடவைத் துடைப்போடு முழுதாக, ஒரே முறை உங்களுக்குக் காலால் காட்டுவார். அந்த நொடியிலிருந்து அது உங்கள் களத்துடையது. அதே இடத்தில் நீங்கள் அஸ்வீருக்குப் பாடம் முடித்துவைக்கலாம்.

அதற்கு மாற்றாக, களிமண்ணில் கால் வைக்கும் முதல் மூன்று அடவை ஸம்சீருக்குக் கொடுக்க வேண்டும். அவருக்கு வழுக்கும் தரை என்றால் பயம். இதை நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

நான் வாங்கிய உட்கார்ந்த பிடி அவருக்கே திரும்பிவிடும். இனி எந்தத் தரையிலும் நான் அதைப் போடக் கூடாது.

பாடம் முடிக்கிற சடங்குக்கு ஏழு எலுமிச்சை, ஊசி, கத்தி, இரண்டு கை விரித்த நீளத்துக்கு வெள்ளைத் துணி, சிவப்புச் சேவல், எல்லாம் என் பொறுப்பு. இவை தவிர ஒரு மூட்டை முதல்தரப் பட்டை ஸம்சீருக்கு. தண்ணீர் தெளிக்காதது என்று தனியாக எழுதச் சொன்னார்.

எனக்குப் பாடம் முடித்துவைக்க வேண்டியதில்லை. அது ஸம்சீர் கேட்டதில்லை, நானே சேர்த்தது. கால் திரும்ப வந்தாலும் அந்த அடவை நான் இனி எங்கும் செய்யக் கூடாது. அதைக் கற்கிறவர் எதிரே யாராவது கையைப் பிடித்து விழ வேண்டும் அல்லவா? உங்கள் களத்தில் திங்கள்தோறும், ஸம்சீர் களத்தில் வியாழன்தோறும், விழுகிற ஆள் நான். எலும்பு தாங்குகிறவரை.

விழுந்து எழுந்ததும் கையை இடுப்பில் துடைக்கக் கூடாது. சேறு காய்ந்து தானாக உதிர வேண்டும்.

பஹ்ரும்